தங்கச்சிமடத்திலிருந்து ஒரு விண்ணப்பம்: 'பெரும் சவால்' போட்டிக்கு எந்தக் கேள்வியை எடுப்பது?

கேள்வி: "எனக்கு ராமேசுவரம் தீவில் உள்ள தங்கச்சிமடம். சுற்றுச்சூழல் அறிவியல் முதுகலை படிக்கிறேன். சமூகத்தின் பெரும் சவால்களுக்கு விடை தேடும் இளம் ஆய்வாளர்களுக்கான போட்டி ஒன்றின் அறிவிப்பைத் துறைத்தலைவர் அனுப்பி, விண்ணப்பிக்கச் சொன்னார். பருவநிலை மாற்றம், கடல் பிளாஸ்டிக் என்று இரண்டு தலைப்பு எழுதிப் பார்த்தேன். எனக்கே ஒட்டவில்லை. பெரிய லேப் கிடையாது, ஆங்கிலமும் சரளமாக வராது. எங்களைப் போன்றவர்கள் எதை எடுக்கலாம்? நடுவர்கள் எதைப் பார்ப்பார்கள்?"

தம்பி, 'எனக்கே ஒட்டவில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நம்புங்கள். இந்த மாதிரிப் போட்டிகளுக்கு வழிகாட்டியாகவும் நடுவராகவும் போயிருக்கிறேன். வந்து குவிகிற விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் இருக்கும். முதல் பக்கத்தில் உலகம் அழிந்துகொண்டிருக்கும், இரண்டாம் பக்கத்தில் ஒரு வரைபடம் மேலே ஏறும், மூன்றாம் பக்கத்தில் 'விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்'. மாணவர் தன் கையால் எதை அளந்தார் என்று தேடினால் கிடைக்காது. அறிவிப்பில் 'பெரும் சவால்' என்று போட்டிருப்பதால் கேள்வியும் பெரிதாக இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். சவால் பெரிதாகத்தான் இருக்கும், ஆனால் நீங்கள் எடுக்கிற கேள்வி ஒரு வருடத்தில் உங்கள் கைக்கு அடங்க வேண்டும். அதன் விடைக்காக ஊரில் யாராவது ஒருவர் நிஜமாகவே காத்திருக்கவும் வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் மீதியைப் பழக்கத்தில் கொண்டுவந்துவிடலாம்.

திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர் பள்ளி மாணவியாக இருந்தபோது செய்தது நினைவிருக்கும். தெருவில் இஸ்திரி போடுகிறவரின் கரிப்பெட்டியைப் பார்த்தார், சூரிய மின்சாரத்தில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2021-இல் சுற்றுச்சூழல் தீர்வுகளுக்கான எர்த்ஷாட் பரிசின் இறுதிச்சுற்றுக்கு அது போனது, கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் அவர் பேசினார். காற்று மாசு என்ற உலகச் சவாலில் அவர் தொட்டது ஒரே ஒரு பெட்டி. நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டு எடுக்கிற கரிக்கும் அந்தப் பெட்டிகளுக்கும் உள்ள தொடர்பை நம் பிள்ளைகள் யாரும் இன்னும் எடுத்துப் பேசாதது எனக்கு ஆச்சரியம்தான். அது வேறு கதை.

எந்தப் போட்டி என்பதைச் சுருக்கமாகப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு இருக்கிறது. 1993 முதல் நடக்கிறது, 10 வயதிலிருந்து 17 வரை சேரலாம், உள்ளூர்ப் பிரச்சினையைத்தான் எடுக்கச் சொல்வார்கள், தமிழிலேயே செய்யலாம். உங்கள் தங்கை தம்பி யாராவது இருந்தால் அனுப்புங்கள். ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் கல்லூரிகளுக்கானது. ஆறு பேர் குழு, அதில் ஒரு பெண்ணாவது இருந்தாக வேண்டும். கேள்வியை அமைச்சகங்களும் நிறுவனங்களும் தரும், நீங்கள் செய்து காட்ட வேண்டும். முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-இல் தொடங்கிய 'மூன்று நிமிட ஆய்வேடு' மாதிரியான மேடைகள் உண்டு. பெர்லினில் இறுதிச்சுற்று நடக்கும் ஃபாலிங் வால்ஸ் லேபும் மூன்று நிமிடப் பேச்சுதான். உங்கள் துறைத்தலைவர் அனுப்பியது எந்த வகையாக இருந்தாலும் நான் கீழே சொல்வது பொருந்தும். வயது வரம்பையும் கடைசித் தேதியையும் மட்டும் அறிவிப்பில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் ஊருக்கு வருகிறேன். தங்கச்சிமடத்தில் இருந்துகொண்டு கேள்வி இல்லை என்று சொல்கிறவரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வருகிறது. வில்லூண்டி தீர்த்தம் உங்கள் ஊர்க் கடலில்தானே இருக்கிறது? சுற்றிலும் உப்புக் கடல், நடுவில் ஒரு கிணறு, இறைத்துக் குடித்தால் நல்ல தண்ணீர். சீதையின் தாகத்துக்கு ராமர் வில்லை ஊன்றிய இடம் என்று கதை. யாத்திரை வருகிறவர்கள் குடித்துப் பார்த்து வியந்துவிட்டுப் போகிறார்கள். சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கிற நீங்கள் அதே வாளித் தண்ணீரில் ஒரு மீட்டரை முக்கினால் உங்கள் ஆய்வு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

விஷயம் இதுதான். மழைநீர் மணலில் இறங்கி, அடியில் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 சதவீதம் கூடுதல், அதனால் இரண்டும் உடனே கலந்துவிடுவதில்லை. தீவின் நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும் இந்த நன்னீர் ஒரு கண்ணாடி வில்லை (லென்ஸ்) மாதிரி தங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கைபன் என்ற டச்சுக்காரரும், சற்றுப் பின்னால் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் தனித்தனியாக ஒரு கணக்குப் போட்டார்கள். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். கேட்க இனிப்பாக இருக்கிறது. திருப்பிப் போட்டுப் பாருங்கள்: இறைத்து இறைத்து நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் இறங்கி அப்படியே நிலைத்துவிட்டால், அடியில் உப்பு 4 மீட்டர் மேலே வந்துவிடும். இது சமநிலைக் கணக்கு. நடைமுறையில் நடுவே கலப்பு மண்டலம் ஒன்று உண்டு. ராமேசுவரம் தீவின் அடியில் பவளச் சுண்ணாம்புப் பாறையும் கிடப்பதால் பாடப்புத்தகப் படம் அப்படியே பொருந்தாது. பொருந்தாமல் போகிற அந்த இடம்தான் உங்களுக்கு வேலை தருகிறது.

யார் இந்த விடைக்குக் காத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். தனுஷ்கோடிப் பக்கம் மணலைக் கையால் தோண்டி, ஊற்றில் சுரக்கிற தண்ணீரைச் சிரட்டையால் அள்ளிக் குடத்தில் ஊற்றுகிற பெண்கள். கடலோரக் கிராமங்களில் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கித் தள்ளுவண்டியில் தண்ணீர் கொண்டுவருகிறவர்கள். உங்கள் ஊர் மல்லிகை நாற்றுப் பதியன்காரர்கள். நாட்டின் பல பக்கங்களுக்கும் இங்கிருந்துதானே நாற்று போகிறது? தண்ணீர் உப்பானால் பதியன் வேர்விடாமல் போகும் என்று அவர்கள்தான் முதலில் சொல்வார்கள். ஊராட்சியில் புதிதாக ஆழ்துளைக் கிணறு எங்கே போடுவது, போடலாமா என்று முடிவெடுக்கிறவர்களும் இந்த வரிசையில் வருகிறார்கள். ஒரு பக்கம் இத்தனை பேரை எழுதிவிட்டால், 'சமூகத் தாக்கம்' என்ற கட்டத்தில் எதை நிரப்புவது என்று தடுமாற வேண்டியிருக்காது.

கேள்வியை இன்னும் நறுக்குங்கள். 'ராமேசுவரம் தீவின் நிலத்தடி நீர்' என்பது ஒரு துறையே எடுத்துச் செய்கிற வேலை. 'தங்கச்சிமடத்தில் கரையிலிருந்து உள்ளே போகிற ஒரு கோட்டில் உள்ள கிணறுகளில், வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு உப்பு எந்த மாதத்தில், எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது?' என்பது உங்களால் முடிகிற வேலை. நம் மாவட்டத்தில் மழையின் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அதனால் செப்டம்பரில் அளக்கத் தொடங்கினால் வறண்ட நிலை, நிரம்பிய நிலை, மறுபடி வற்றுகிற நிலை மூன்றும் ஒரே தொடரில் கிடைக்கும்.

கருவிக்குப் பெரிய லேப் வேண்டாம். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் பேனா சில நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது, நடுவர்களில் விவரம் தெரிந்தவர் கட்டாயம் அங்கேதான் கை வைப்பார். அந்தப் பேனா கரைந்த உப்பை நேரடியாக அளப்பதில்லை. மின்கடத்துதிறனை அளந்து, ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. சிலவற்றில் 0.5, சிலவற்றில் 0.7. ஒரே தண்ணீருக்கு இரண்டு பேனா இரண்டு விடை சொல்வது இதனால்தான். ஆகவே கடத்துதிறனையே காட்டுகிற மீட்டராக வாங்குங்கள் அல்லது கல்லூரியில் கேட்டு வாங்குங்கள். 1413 மைக்ரோசீமென்ஸ் என்று கடத்துதிறன் முன்பே தெரிந்த திட்டக் கரைசலில் ஒவ்வொரு முறையும் சரிபார்த்து, அந்த அளவையும் தாளில் எழுதிவையுங்கள். கூடவே நூலில் கனம் கட்டி நீர்மட்டத்தையும் அளக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் அதே கிணறுகள், காலையில் இறைப்பதற்கு முன், கடல் வத்தமா (நீர் இறங்கியிருக்கிறதா) ஏத்தமா (ஏறியிருக்கிறதா) என்ற குறிப்போடு. பாக் நீரிணையில் ஏத்தவத்தம் ஒரு மீட்டருக்குள்தான் என்றாலும் கரையோரக் கிணற்றில் அது தெரியும். தெரிகிறதா என்று காட்டுவதே தனிக் கண்டுபிடிப்பு. ஒரு கிணற்றில் மட்டும், ஒரு முழு நாள், மணிக்கு ஒரு முறை உட்கார்ந்து அளந்துவிடுங்கள். தேநீருக்கு யாரையாவது துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குடிநீருக்கான இந்தியத் தரநிலை, கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. கடத்துதிறனை எந்த எண்ணால் பெருக்கி இந்த அளவுக்கு மாற்றினீர்கள் என்று குறித்துவிட்டு, உங்கள் வரைபடத்தில் இந்த இரண்டு கோடுகளையும் போடுங்கள். எந்தக் கிணறு எந்த மாதத்தில் எந்தக் கோட்டைத் தாண்டுகிறது என்பதை எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடப் பார்த்துப் புரிந்துகொள்வார். ஊர்க் கூட்டத்தில் விரித்துக் காட்ட முடிகிற வரைபடம் நடுவர் முன்னாலும் நிற்கும்.

கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இருக்கும்போது இது எதற்கு என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். நரிப்பையூரில் எதிர்சவ்வூடு நிலையம் வந்தே பல ஆண்டுகளாகிறது, காவிரிக் கூட்டுக் குடிநீரும் மாவட்டத்துக்கு வருகிறது. அப்படியும் தள்ளுவண்டிகள் தெருவை விட்டுப் போகவில்லை. குழாய் வராத நாளில் ஊர் எதை நம்புகிறது என்பதைத்தான் நீங்கள் அளக்கிறீர்கள் என்று பதில் சொல்லுங்கள்.

நீர் வேண்டாம், கடல்தான் வேண்டும் என்றால் கடற்பாசிக்குப் போங்கள். பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் முகத்தில் கண்ணாடி மாட்டி, கையில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கிப் பாசி எடுப்பதைப் பார்த்து வளர்ந்திருப்பீர்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் பிரித்துச் சொல்வதை நாம் லத்தீன் பெயரில் மனப்பாடம் செய்கிறோம். எந்த நாளில் எடுப்பது, எந்த மாதங்களில் கை வைக்காமல் விடுவது என்று அவர்களே தங்களுக்குள் கட்டுப்பாடு போட்டுக்கொண்டவர்கள். அந்தப் பெண்களின் தலைவிகளில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீக்காலஜி பரிசு 2015-இல் கிடைத்தது. கையால் கிள்ளிய இடத்தில் பாசி மறுபடி எவ்வளவு நாளில் தழைக்கிறது, வேரோடு சுரண்டிய இடத்தில் எவ்வளவு நாளாகிறது? அவர்களுக்கு விடை தெரியும். ஆனால் அதிகாரியிடம் பேசும்போது காட்ட எண் கிடையாது. அந்த எண்ணை நீங்கள் தர முடிந்தால் அதுவே போதும்.

கப்பாபைகஸ் என்ற வளர்ப்புப் பாசியில் இன்னொரு கேள்வி கிடக்கிறது. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, 60 கிலோ விதைப்பாசி, 45 நாளில் நல்ல கடலாக இருந்தால் 250 கிலோவை ஒட்டி அறுவடை. இது மண்டபம் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. 2013-ஐ ஒட்டிப் பாசி கூட்டமாக அழுகிச் செத்து உற்பத்தி சரிந்ததும் தெரிந்ததே. குருசடைத் தீவில் அந்தப் பாசி பவளத்தின் மேல் ஏறிப் படர்ந்ததாக 2008-இல் ஆய்வாளர்கள் எழுதியதும் பழைய சண்டை. வேலைவாய்ப்பா, பவளமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுகிறார்கள். நீங்கள் கட்சி சேராமல், மிதவைக்கு அருகே வெப்பநிலையை நாள்தோறும் பதிந்து, எந்த வெப்பத்தில் எத்தனை நாளில் தண்டு வெளுக்கிறது என்று பாருங்கள். இரண்டு பக்கத்தாருக்கும் அது வேண்டும்.

ஆப் செய்யலாமா என்று அடுத்து கேட்பீர்கள் என்று தெரியும். வேண்டாம். மீனவரைக் காப்பாற்றும் ஆப் ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு கட்டு வருகிறது. மீன்வளத்துறையே 'தூண்டில்' என்று ஒன்றை வெளியிட்டிருக்கிறது, ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிலையம் மீன் கூடும் இடங்களையும் அலை உயரத்தையும் அறிவிக்கிறது, பாம்பனில் கடல் ஓசை 90.4 சமூக வானொலி 2016 முதல் கடல் செய்தி சொல்கிறது. இவ்வளவுக்கு மேல் புதிதாக ஒரு திரையைக் கொடுப்பதைவிட, வாடை, கச்சான், கொண்டல், சோழகம் என்ற காற்றுகள் திரும்புவதைப் பெரியவர்கள் எப்படிக் கணிக்கிறார்கள், அந்தக் கணிப்பு முன்னறிவிப்போடு எத்தனை நாள் ஒத்துப்போகிறது என்று ஒரு பருவம் முழுக்கப் பதிந்தால் நான் எழுந்து நின்று மதிப்பெண் போடுவேன்.

அனுமதி விஷயத்தில் விளையாடாதீர்கள். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே உள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. எழுத்துப்பூர்வமான வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே மாதிரி எடுத்தால் அது குற்றம், ஆய்வு என்று சொல்லித் தப்ப முடியாது. பவளம், கடலட்டை, கடல்குதிரை எல்லாம் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. கடற்பசு, அதாவது நம்மவர்கள் சொல்கிற ஆவுளியா, சொல்லவே வேண்டாம். செத்து ஒதுங்கிய பவளத்துண்டை மேசையில் வைத்துப் படம் எடுத்து விண்ணப்பத்தில் ஒட்டியதையெல்லாம் பார்த்திருக்கிறேன். அந்த விண்ணப்பத்தை யாரும் அதற்கு மேல் படிக்கவில்லை. பூங்கா எல்லைக்கு வெளியே உள்ள கரை, கிணறு, மிதவை, சந்தை போதும். உங்களுக்குக் கிணறு எடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆட்களிடம் கேட்டு எழுதுவதாக இருந்தாலும் அனுமதிதான். அக்கா, இதை எழுதிக்கலாமா, பேர் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுதுங்கள். கிணற்றுக்காரரின் பெயருக்குப் பதில் கிணற்றுக்கு எண் போடுங்கள். ஒருவர் கிணறு உப்பு என்று வெளியே தெரிந்தால் அவர் மனையின் விலை இறங்கும். சொல்லிக்கொடுத்த பெரியவருக்கு நன்றி போடும்போது மட்டும், அவருக்குச் சம்மதம் என்றால், முழுப் பெயரும் போடுங்கள்.

இனி நடுவர்கள். மதிப்பெண் தாளில் புதுமை, முறை, தாக்கம், எடுத்துரைப்பு என்று கட்டங்கள் இருக்கும். உள்ளே நடப்பது வேறு. பேசி முடித்ததும் மூன்று கேள்வி வரும், வார்த்தைதான் மாறும். எதோடு ஒப்பிட்டாய்? இது தவறாக இருந்தால் எப்படித் தெரிந்துகொள்வாய்? இதை வைத்து யார் என்ன செய்யப்போகிறார்? முதல் கேள்விக்கு உங்களிடம் தீவின் நடுவே உள்ள கிணறு இருக்கிறது. இரண்டாவதற்குத் திட்டக் கரைசல் பதிவும், மழை பொய்த்த மாதத்தின் எண்ணும் இருக்கின்றன. மூன்றாவதற்குப் பதியன்காரரையும் ஊராட்சியையும் சொல்லலாம். ஒரு மாதம் காய்ச்சலில் அளக்கவில்லை என்றால் அந்த இடத்தை வரைபடத்தில் வெறுமையாக விடுங்கள். நடுவில் கோடு இழுத்து ஒட்டவைக்கிற பிள்ளைகளை நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம். வெறும் இடத்தைப் பார்த்து யாரும் மதிப்பெண் குறைத்ததாக எனக்கு நினைவில்லை.

ஆங்கிலத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம் என்று சும்மா சொல்ல மாட்டேன். வெளிநாட்டு மேடைக்கு அது வேண்டும். ஆனால் மூன்று நிமிடப் பேச்சுக்கு 300, 350 சொல்தான் ஆகும். முதலில் தமிழில் உங்கள் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். அவர் எந்த இடத்தில் 'அப்புறம்?' என்று கேட்காமல் விடுகிறாரோ அந்த வாக்கியத்தை வெட்டுங்கள். பிறகு அதே ஒழுங்கில் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக எழுதி, யாரையாவது திருத்தச் சொல்லுங்கள். மாவட்ட, மாநில அளவில் தமிழில் பேசலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பல இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள், யாரும் கேட்பதில்லை. படவில்லை ஒன்று போதும், அதில் உங்கள் வரைபடம் மட்டும் இருக்கட்டும். ஆமைக்குஞ்சு படம் போட்டு முடிக்கிற வழக்கம் நம் கடற்கரைக் குழுக்களுக்கு இருக்கிறது. உங்கள் ஆய்வில் ஆமை இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள்.

விண்ணப்பத்தின் முதல் வரியை இப்படி முயன்று பாருங்கள்: 'தங்கச்சிமடத்தில் ஒரே கோட்டில் உள்ள கிணறுகளில், மழை முடிந்து எத்தனையாவது மாதத்தில் தண்ணீர் குடிக்கும் நிலையைத் தாண்டி உப்பாகிறது என்பதை அளந்து, அடுத்த கிணற்றைக் கரையிலிருந்து எவ்வளவு தள்ளித் தோண்டலாம் என்று ஊராட்சிக்குச் சொல்வதே இந்த ஆய்வு.' பருவநிலை மாற்றம், கடல்மட்ட உயர்வு எல்லாம் இரண்டாம் பத்தியில் இரண்டு வரி வந்தால் போதும்.

கடைசித் தேதி நெருங்கியிருந்து கையில் இரண்டு மாத எண்தான் இருக்கிறது என்றால், அந்த இரண்டு மாதத்தை முதற்கட்டம் என்று பெயரிட்டு அனுப்புங்கள், அளப்பதை நிறுத்தாதீர்கள். வில்லூண்டியில் அளப்பதாக இருந்தால் அங்குள்ள பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கூட்டம் வருவதற்கு முன் விடிகாலையில் போங்கள். பகல் முழுக்க வாளி போட்டுக் கலக்கிய தண்ணீரில் எடுக்கிற எண் எதற்கும் உதவாது. கிணற்று எண், தேதி, நேரம், ஏத்தமா வத்தமா, நீர்மட்டம், கடத்துதிறன், வெப்பநிலை, திட்டக் கரைசல் காட்டிய அளவு: தாளில் இந்த எட்டுக் கட்டங்களைப் போட்டுக்கொண்டு இந்த வாரமே தொடங்கலாம்.